மூன்று முறை அறிவித்தோம்

   

இந்த வாரத் தலைப்பை ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் போன் செய்தார். "ஹஜ்ரத், டிவியும் செல்போனும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயன்படுற மாதிரி இருக்கணும்னு ஜும்ஆவில் பயானா? கண்ணும் காதும் நல்லா இருக்கிறவங்களே அதைப் பார்த்துக் கெட்டுப் போறாங்க. மீதி இருக்கிறவங்களையும் கெடுக்கணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அது பலர் மனதில் இருக்கும் கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் உங்களை 2015க்குக் கூட்டிச் செல்கிறேன்.

அந்த டிசம்பர் முதல் தேதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நம் மணிமங்கலம் ஏரியிலும் கலங்கல் போனது. கரண்ட் இல்லை. இரவு இஷாவுக்குப் பிறகு, இன்வெர்ட்டரில் இருந்த கொஞ்ச நஞ்சம் சார்ஜில் பள்ளியின் மைக்கைப் போட்டு, தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் உடனே வெளியேறிப் பள்ளிக்கு வந்துவிடுங்கள் என்று அறிவித்தோம். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஜனங்கள் வந்தார்கள். மதரஸா ஹாலில் படுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், கடமையைச் செய்துவிட்டோம் என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஏரிக்கரைப் பக்கம் லைன் வீட்டில் ஒரு வாலிபர் தனியாக வாடகைக்கு இருந்தார். உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. முந்தைய இரவு ஷிஃப்ட் முடித்து அசந்து தூங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். பாயில் தண்ணீர் ஏறி முதுகு நனைந்த பிறகுதான் எழுந்தார். இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஒரு மொட்டை மாடியில் ஏறி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அல்லாஹ் காப்பாற்றினான்.

மூன்றாம் நாள் பள்ளியில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க வந்தார். காது கேளாதோர் பள்ளியில் படித்தவர், எழுதத் தெரியும். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: அன்று இரவு எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது? நான் எழுதினேன்: பள்ளி மைக்கில் அறிவித்தோம், மூன்று முறை. அவர் அதைப் படித்தார். தாளை வாங்கி ஒரே ஒரு வார்த்தை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"மூன்று?"

கோபம் இல்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாள் என் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

அன்பர்களே, நம்மை யாராவது திட்டினால் நமக்குத் தெரியும், பதில் சொல்வோம். பணத்தைப் பிடுங்கினால் தெரியும், போலீஸுக்குப் போவோம். ஆனால் ஒரு செய்தி நமக்கு வராமலே போனால் அப்படி ஒரு செய்தி இருந்ததே நமக்குத் தெரியாது. தன் ஹக் பறிபோனது அந்த மனிதருக்கே தெரியாது. யாரிடம் போய் அவர் முறையிடுவார்? ஆகவே இந்த அநியாயத்தை அநியாயம் செய்தவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நான் கண்டுபிடித்ததும், அவர் தற்செயலாக அந்தக் கேள்வியை எழுதிக் கேட்டதால்தான்.

குர்ஆனின் எண்பதாவது சூரா, ‘அபஸ’ இறங்கிய பின்னணியை மதரஸாப் பிள்ளைகளும் சொல்வார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இஸ்லாத்துக்கு வந்தால் மக்காவே வந்துவிடும் என்ற ஆசை. அந்த நேரத்தில் பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து, எனக்கு மார்க்கத்தைக் கற்றுத்தாருங்கள் என்று கேட்கிறார்கள். பேச்சு தடைப்படுகிறதே என்று நாயகத்தின் திருமுகம் சற்றே சுருங்கியது. உடனே வஹீ வந்தது.

இந்த நிகழ்ச்சியில் நாம் நின்று யோசிக்காத ஒரு இடம் இருக்கிறது. வந்தவருக்குக் கண் தெரியாது. முகம் சுருங்கியதை அவர் பார்க்கவில்லை. அவர் மனம் புண்படவும் வழியில்லை. பார்க்க முடியாத ஒருவர் முன்னால், அவருக்குத் தெரியாமலே நடந்த ஒரு சின்ன அசைவு. அதையும் அல்லாஹ் விடவில்லை. கியாமத் வரைக்கும் ஓதப்படும் வேதத்தில் பதிந்துவிட்டான். பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது என்பதால் ஒரு காரியம் சிறியதாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

எண்ணிக்கைக் கணக்குக்கும் அதே சூராவில் பதில் இருக்கிறது. "மஹல்லாவில் காது கேட்காதவங்க ரெண்டு பேர், கண் தெரியாதவங்க மூணு பேர். அவங்களுக்காக இவ்வளவு ஏற்பாடா?" என்று நம் மஷூராவில் ஒருவர் கேட்டார். ஒரு பக்கம் ஊரையே திருப்பக்கூடிய தலைவர்கள், மறுபக்கம் ஒரே ஒரு பார்வையற்றவர். வஹீ எந்தப் பக்கம் நின்றது என்பது நமக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மதீனாவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரமளானில் இரண்டு பாங்கு. இரவு இருக்கும்போதே பிலால் (ரலி) சொல்வார்கள். ஃபஜ்ருடைய பாங்கை இப்னு உம்மி மக்தூம் (ரலி) சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. ஸஹர் முடிவது அந்தப் பாங்கில்தான். விடியலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை, கண் தெரியாதவரிடம்! எப்படி நடந்தது? காலையாகிவிட்டது, காலையாகிவிட்டது என்று மக்கள் வந்து சொல்வார்கள், அதன் பிறகு பாங்கு சொல்வார்கள். பார்வை இல்லை என்று பொறுப்பைப் பிடுங்கவில்லை. அவர்களிடம் இல்லாத ஒன்றை ஜமாஅத் கொடுத்தது, அவர்களிடம் இருந்த குரலை ஜமாஅத் பெற்றுக்கொண்டது. நபியவர்கள் பயணம் போன பல சமயங்களில் மதீனாவின் பொறுப்பையே அவர்களிடம் விட்டுச் சென்றதும் வரலாற்றில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். கண் தெரியாத ஒரு தோழர் வந்து, அழைத்துவர ஆள் இல்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டார். அனுமதி கொடுத்த நாயகம் (ஸல்) அவர்கள், அவர் திரும்பிப் போகும்போது கூப்பிட்டு, பாங்கு உமக்குக் கேட்கிறதா என்று கேட்டார்கள். கேட்கிறது என்றதும், அப்படியானால் அதற்குப் பதில் கொடும் என்றார்கள். முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸை ஜமாஅத் தொழுகையின் முக்கியத்துவத்துக்காக நாம் எப்போதும் சொல்வோம். ஆனால் அந்தக் கேள்வியைப் பாருங்கள்: அழைப்பு வந்து சேர்கிறதா? சேர்ந்த பிறகுதான் மற்றது. நம் ஊரில் அந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டிருக்கிறோமா?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். டிவியில் ஹராமானது காது கேட்பவருக்கும் ஹராம்தான், கேட்காதவருக்கும் ஹராம்தான். அதில் பேச்சே இல்லை. ஆனால் புயல் எச்சரிக்கை, ஏரி திறப்பு, பரீட்சைத் தேதி, ரேஷன் அறிவிப்பு, நோய் பரவும்போது என்ன செய்வது, வோட்டு எப்போது என்பவையும் அதே டிவியிலும் போனிலும்தான் வருகின்றன. நாம் அவற்றை எடுத்துக்கொண்டு, கெட்டுப்போய்விடுவார் என்று அவருக்கு மட்டும் கதவைச் சாத்துவதற்கு நமக்கு என்ன அதிகாரம்?

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படத்துக்காகக் காத்திருக்கும்போது, அதற்கு முன்னால் தூர்தர்ஷனில் காது கேளாதோருக்கான செய்தி வரும். 1987இல் தொடங்கியது. ஒரு அம்மா கையை ஆட்டி ஆட்டிச் செய்தி சொல்வார். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து அதே மாதிரி கையை ஆட்டிக் கேலி செய்து சிரிப்போம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். வாரம் முழுவதற்கும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்த செய்தி அந்தச் சில நிமிடங்கள்தான் என்று அப்போது புரியவில்லை.

இன்று சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருவது எல்லாம் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் இருப்பதற்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. சைகை மொழிபெயர்ப்பு, திரையில் எழுத்து, பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை வார்த்தையால் விவரிப்பது மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2019 செப்டம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், செய்திச் சேனல்கள் நாளுக்கு ஒரு செய்தி அறிக்கையையாவது சைகை மொழியோடு தர வேண்டும் என்று தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும்படி தரநிலைகளை வெளியிட்டது. இன்று இரவு வீட்டுக்குப் போய் நீங்கள் பார்க்கும் சேனலில் அப்படி ஏதாவது வருகிறதா என்று ஒரு மணி நேரம் கவனியுங்கள். "திரையில் தெரியும் எண்ணைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொல்வார்கள். எண்ணை வாயால் சொல்ல மாட்டார்கள். கண் தெரியாதவர் எந்தத் திரையைப் பார்ப்பது?

முந்தைய காலத்து டிவியில் ஒரு திருகு இருந்தது. 'டக் டக்' என்று திருப்பினால் பார்வையற்றவரும் சேனலை எண்ணிவிடுவார். இப்போது ரிமோட்டை அழுத்தினால் திரையில் மெனு வருகிறது, அதை அம்புக்குறியால் நகர்த்த வேண்டும். புதியது வந்தால் எல்லாருக்கும் வசதி கூடும் என்று நினைக்கிறோம். சிலருக்கு இருந்த வசதியும் போய்விடுகிறது. பேங்கில் கணக்குத் தொடங்க, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்கிறது போன். சிமிட்ட முடியாதவருக்கு அங்கே வழியே இல்லை. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பு வந்தது. உரிமை, கவனியுங்கள், உதவி அல்ல. நம் பாஷையில் சொன்னால் ஹக், ஸதகா அல்ல. ஸதகா கொடுக்காதவன் நன்மையை இழக்கிறான். ஹக்கைக் கொடுக்காதவன் கடனாளி ஆகிறான்.

"அதெல்லாம் ரொம்பச் செலவு ஹஜ்ரத், கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது" என்று உங்களில் என்ஜினியர்கள் சொல்லலாம். அமெரிக்காவில் முன்பு டிவியில் எழுத்து தெரிய வேண்டுமென்றால் தனிப்பெட்டி ஒன்றை விலை கொடுத்து வாங்க வேண்டும். 1990இல் ஒரு சட்டம் போட்டார்கள். 1993 ஜூலையிலிருந்து 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு டிவிக்குள்ளேயும் அது இருந்தாக வேண்டும் என்று. தனிப்பெட்டி தேவையில்லாமல் போனது. தூங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு டிவி சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் தாய்மார்கள்கூட இன்று அந்த எழுத்தைத்தான் படிக்கிறார்கள். முதலிலேயே நினைத்துச் செய்தால் செலவு குறைவு, பிறகு ஒட்டுப்போட்டால்தான் அதிகம்.

இதை நம் ஊரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் மூடும்வரை நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போன் பூட்டினார்கள்! இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. சாம்சங் ஆலையில் டிவி செய்கிறார்கள். கம்பெனி பஸ் நம் தெருவில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. உலகத்துக்கே போனும் டிவியும் செய்து அனுப்பும் மண்ணில், ஒரு காது கேளாத தொழிலாளிக்கு ஏரி நிரம்பிய செய்தி போய்ச் சேரவில்லை.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி ஐபோனில் 2009இலிருந்தே இருக்கிறது. அதற்குப் பெயர் வாய்ஸ்ஓவர். மற்ற போன்களில் டாக்பேக். தனிக் காசு கிடையாது. நம் மஹல்லாவில் சர்க்கரை நோயால் பார்வை போன ஒரு பெரியம்மா, பேரன் வந்து நம்பர் போட்டுத் தரும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். அவர் போனிலேயே அது இருக்கிறது என்பது மூன்று வருஷமாக வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பேரன் வேலை செய்வது போன் கம்பெனியில்! (அவர் இப்போது எனக்கே போன் செய்து ஃபாத்திஹாவுக்குத் தேதி கேட்கிறார்.) படிக்கிற, வேலை செய்கிற பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் உரிய செயலிகளோடு ஸ்மார்ட்போன் வழங்கும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அடையாள அட்டை எடுக்காதவர்கள் முதலில் அதை எடுங்கள்.

கம்பெனியையும் சர்க்காரையும் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் அது நீதியல்ல. நம் ஜமாஅத் குழுவைத் திறந்து பாருங்கள். பயான் அறிவிப்பு பச்சையும் பொன்னுமாய் ஒரு போஸ்டர் படமாக வருகிறது. போன் வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதைத் தொட்டால் 'படம்' என்று மட்டும் சொல்லும். ஜனாஸா அறிவிப்பு வாய்ஸ் மெசேஜாக வருகிறது. அதைக் காது கேளாதவர் எப்படித் தெரிந்துகொள்வார்? கண் தெரியாதவருக்குப் படம், காது கேளாதவருக்குக் குரல்! வேண்டுமென்றே செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடியாது. ஜனாஸாவில் கலந்துகொள்வது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிமின் மீதுள்ள ஹக். தன் கூட்டாளியின் மவ்த்து மறுநாள் தெரிந்து, மையவாடியில் தனியாக வந்து நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மைக் எதற்காக இருக்கிறது? மைக்கை அணைத்துவிட்டு நான் பேசினால் பின் ஸஃப்பில் இருப்பவர்கள் எல்லாருமே காது கேளாதவர்கள்தான். அவர்களுக்காக ஆம்ப்ளிஃபையர், பத்து ஸ்பீக்கர், இன்வெர்ட்டர். பீகார், அஸ்ஸாமிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் சகோதரர்களுக்குத் தமிழ் புரியாது என்று பயானின் சுருக்கத்தைக் கடைசி ஐந்து நிமிடம் உருதுவில் சொல்கிறோம். இதையெல்லாம் யாரும் ஸதகா என்று சொல்வதில்லை. நமக்குத் தேவை என்றால் ‘ஏற்பாடு’, அவருக்குத் தேவை என்றால் ‘சலுகை’ என்கிறோம்.

செய்தியைக் கைமாற்றிக் கொண்டுசேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது அவர்களின் தக்பீரை அபூபக்ர் (ரலி) மக்களுக்கு எட்டும்படி சொன்னார்கள். இறுதி ஹஜ்ஜின் பேருரையில், வந்திருப்பவர் வராதவருக்கு எத்திவைக்க வேண்டும் என்று ஏவினார்கள். நம் முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் காது கேளாதவர் வந்திருப்பவரா, வராதவரா? உடல் இங்கே இருக்கிறது, பயான் அவரிடம் இல்லை. ஜும்ஆ அவருக்குக் கடமை. காது கேட்கவில்லை என்பதால் அது நீங்காது. வாராவாரம் முக்கால் மணி நேரம் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

சைகையைச் சிலர் ஏதோ விளையாட்டு போல நினைக்கிறார்கள். மாதத்துக்கு இருபத்தொன்பது நாள் என்பதை நபியவர்கள் பத்து விரலையும் மூன்று முறை விரித்து, மூன்றாவது முறை ஒரு கட்டைவிரலை மடக்கிக் காட்டினார்கள். பேச முடியாதவரின் வழக்கமான சைகை நாவால் சொன்ன விளக்கத்துக்குச் சமம் என்பது உஸ்மானிய சாம்ராஜ்யத்தின் சட்டத் தொகுப்பான மஜல்லாவில் எழுபதாவது விதி. நிக்காஹ், வியாபாரம் எல்லாம் அதில் செல்லும். மக்காவிலும் மதீனாவிலும் ஜும்ஆ குத்பா இன்று சைகை மொழியில் பெயர்க்கப்படுகிறது. மலப்புரம் மாவட்டம் புளிக்கல்லில் காது கேளாதவர்களுக்காகவே ஏற்பாடுகளோடு ஒரு பள்ளி இருக்கிறது.

பேச்சை எழுத்தாக்கும் ஒரு ஆப்பை வைத்து நானும் முயன்று பார்த்தேன். தமிழ் ஓரளவு வருகிறது. 'தக்வா' என்றதை 'தக்காளி' என்று போட்டது. தக்காளியோடு வாழுங்கள் என்று படித்துவிட்டு அந்தச் சகோதரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதனால்தான் சில மாதங்களாக இந்த உரைகளைத் தட்டச்சு செய்து இந்தத் தளத்தில் ஏற்றுகிறோம். எழுத்தும் எல்லாருக்கும் போதாது. பிறவியிலேயே கேட்காத பலருக்குச் சைகைதான் தாய்மொழி, தமிழ் எழுத்து இரண்டாம் மொழி. அதற்கும் ஆள் வேண்டும்.

முஸ்னத் அஹ்மதில் ஒரு ஹதீஸ் வருகிறது. மறுமையில் நான்கு பேர் தங்கள் தரப்பு நியாயத்தை அல்லாஹ்விடம் எடுத்து வைப்பார்கள். அவர்களில் முதலாமவர் காது கேளாதவர். இஸ்லாம் வந்தது, எனக்கோ எதுவும் கேட்கவில்லை என்பார். அவர் வாதம் அங்கே தள்ளுபடி ஆகாது. எனக்கு உள்ள பயம் அடுத்த கேள்வியைப் பற்றியது. அவர் எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் யார் இருந்தார்கள், பள்ளியில் இமாமாக இருந்தது யார் என்று விசாரணை வந்தால், மூன்று முறை அறிவித்தோம் என்றா அங்கே சொல்வேன்?

மழைக்காலம் வருகிறது. மஷூராவில் முடிவானதைச் சொல்கிறேன். இனி எந்த அறிவிப்பும் முதலில் எழுத்துச் செய்தியாகப் போகும், பிறகுதான் மோதினார் மைக்கைப் போடுவார். போஸ்டர் போட்டால் அதே விவரம் கீழே எழுத்தாகவும் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதே தெருவில் இரண்டு பேர் பொறுப்பு, எச்சரிக்கை வந்தால் நேரில் போய்க் கதவைத் திறந்து தொட்டு எழுப்பிச் சொல்ல வேண்டும். சைகை மொழி கற்றுக்கொண்டிருக்கும் நம் மஹல்லா வாலிபர் ஒருவர் அடுத்த ஜும்ஆவிலிருந்து தமிழ் பயான் நேரத்தில் மிம்பருக்கு வலப்பக்கம் நிற்பார். முன் ஸஃப்பில் அந்தப் பக்கத்தைக் காது கேளாதவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

தெருப் பொறுப்புக்குப் பெயர் கொடுப்பவர்கள் தொழுகை முடிந்ததும் மோதினாரைப் பாருங்கள். ஐந்து தெருவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஏரிக்கரைத் தெருவுக்கு இன்னும் கிடைக்கவில்லை.